சின்ன வகுப்பின் இரண்டாவது ஆள்

பெருமதிப்புக்குரிய அவைத்தலைவர் குகதாசன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, துணைவியாரை வழியனுப்பிவிட்டு முன்வரிசையில் அமைதியாக இருக்கும் தம்பித்துரை அண்ணை அவர்களே, இங்கே ஓல்டனிலிருந்தும், அட்லிஸ்விலிலிருந்து இரண்டு ரயில் மூன்று ரயில் மாறியும் வந்திருக்கும் உறவுகளே, எங்கள் பாடசாலையின் பெற்றோர்களே, ஆசிரியர்களே, உதவியாளர்களே, உங்கள் எல்லோருக்கும் கைகூப்பிய வணக்கம்.

உதவியாளர்களே என்று சொன்னதும் சிலர் சிரிக்கிறீர்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். ஆண்டு விழா மேடையில் யாராவது ஆசிரியர்களை மட்டும் விளித்துவிட்டு உதவியாளர்களை மறந்தால், மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு செருமல் வரும். பெரிய சத்தம் இல்லை. ஆனாலும் எவ்வளவு பெரிய பேச்சாளரும் அந்தச் செருமலுக்குப் பிறகு திரும்பி வந்து உதவியாளர்களையும் அழைத்துவிட்டுத்தான் மேலே போவார். இன்று அந்தச் செருமல் வராது என்று தெரியும். தெரிந்தும் பழைய பயத்தில் அழைத்துவிட்டேன்.

அந்தச் செருமலுக்குச் சொந்தக்காரர் அமரர் திருமதி கஜலக்சுமி தம்பித்துரை அவர்கள். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் பொறுப்பாளர். உங்களுக்கும் எனக்கும் கஜா அக்கா. இரண்டு கிழமைக்கு முன்னர், நீண்ட நாள் பாயில் கிடக்காமல், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நிற்க விடைபெற்றார். வேலைக்குப் போய், பிள்ளைகளை ஆளாக்கி, ஓய்வூதியமும் எடுத்து, அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் ஓடித்திரிந்தவர். நிறைந்த வாழ்க்கை. ஆகவே இந்த மண்டபத்தில் அழ வேண்டியவர்கள் அழுங்கள். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவர் குறை நினைக்க மாட்டார்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் அருட்செல்வன். கிழமை நாட்களில் பொருட்களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறேன். சனிக்கிழமைகளில் இந்தப் பாடசாலையின் பெரிய வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். பெரிய வகுப்பு என்றால் பரீட்சை வகுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையைக் கஜா அக்கா ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை.

அவைத்தலைவர் அவர்களே, ஒரு பாடசாலைக்கு எது வேண்டும்? கட்டடமா? எங்களுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. கெமைண்டே, அதாவது ஊர் நிர்வாகம், தன் பாடசாலையைச் சனிக்கிழமைகளில் எங்களுக்குத் திறந்துவிடுகிறது. திங்கள் காலை சுவிஸ் பிள்ளைகள் வந்து இருக்கும்போது பலகையில் ஓர் அகரம்கூட மிஞ்சியிருக்கக் கூடாது. புத்தகமா? புத்தகம் எப்படியும் வந்துவிடுகிறது. எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடாக இருந்தது ஆட்கள்தான். சம்பளம் இல்லாத வேலைக்கு, கிழமை முழுவதும் ஓடிக் களைத்தவர்களை, ஒரேயொரு நித்திரை கொள்ளக்கூடிய காலையில் எழுப்பிக் கொண்டுவருவது எப்படி? இந்தக் கேள்வியோடுதான் அந்த அம்மையார் வாழ்ந்தார்.

அவர் வேலை செய்தது வயோதிபர் இல்லத்தில். அங்கே ஒரு விதி இருக்கிறதாம். கட்டிலில் கிடப்பவரைத் தனி ஆளாகத் தூக்கக் கூடாது. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இரண்டாவது ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதை அப்படியே எங்கள் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். ஒரு வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் படிப்பிப்பார், மற்றவர் பார்த்துக்கொள்வார். அழுகிற பிள்ளையை, பென்சில் இல்லாத பிள்ளையை, ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற பிள்ளையை இரண்டாவது ஆள் பார்ப்பார். இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் அந்த வகுப்பு அன்று திறக்காது.

“தனியத் தூக்கக் கூடாது,” என்பார். “தூக்கினால் ரண்டு பேரும் விழுவினம்.”

அதற்காக வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் தொலைபேசி எடுப்பார். அந்த நேரத்தில் அவருடைய இலக்கத்தைக் கண்டவுடன் கழுத்துப் பிடிப்பு வந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். தலையைக் குனிய வேண்டாம், நான் பெயர் சொல்ல மாட்டேன். அவர் ஏசுவாரா? இல்லை. “ஓம் தம்பி, சுகமில்லையெண்டால் நல்லா ஓய்வெடுங்கோ. அந்தப் பிள்ளையளின்ரை தாய்தேப்பனுக்கு மட்டும் நீங்களே ஒருக்கால் எடுத்து, நாளைக்கு வகுப்பில்லையெண்டு சொல்லிவிடுங்கோ,” என்பார். பெற்றோருக்கு எடுத்துச் சொல்வதைவிட வந்து நிற்பது சுகம் என்று கழுத்துப் பிடிப்பு தானாகவே விட்டுவிடும்.

அன்பானவர்களே, இவ்வளவு தெளிவான விதியை நாங்கள் ஒருமுறை மீறினோம். பல வருடங்களுக்கு முன்னர், நிர்வாக சபை கூடி, கையை உயர்த்தி, கைதட்டி மீறினோம். அந்தக் கதையைச் சொல்லாமல் கஜா அக்காவைப் பற்றிப் பேச முடியாது.

எங்கள் ஆண்டு விழாவில் ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். உதவியாளர்களுக்குப் பொன்னாடை கிடையாது. ஆசிரியர்கள் மேடையில் பொன்னாடையோடு படம் எடுக்கும்போது அவர்கள் பின்னறையில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு வருடம் அவர்களுக்கு மனம் விட்டுப்போயிற்று. நாங்களும் சனிக்கிழமை தவறாமல் வருகிறோமே, எங்களை ஏன் ஒருவரும் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள் இல்லை என்று கேட்டார்கள். கேட்டதில் என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை. சபையும் அது நியாயம் என்று ஒத்துக்கொண்டது. பிறகு என்ன செய்தது?

உதவியாளர்களுக்கும் பொன்னாடை போர்த்துவோம் என்று தீர்மானித்திருக்கலாம். அது எங்கள் ஒருவருடைய மூளையிலும் வரவில்லை. பொன்னாடை என்றால் ஆசிரியருக்கு. ஆகவே உதவியாளர்கள் எல்லோரையும் ஆசிரியர்கள் ஆக்கிவிட்டோம். இப்படி ஒரு தீர்வு எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு வரும்?

ஆசிரியர் கூடினால் வகுப்பும் கூட வேண்டுமே. வகுப்புகளைப் பிரித்தோம். ஒவ்வோர் அறையிலும் ஓர் ஆசிரியர், நாலைந்து பிள்ளைகள். வேறு நகரங்களின் பாடசாலைக்காரரைச் சந்திக்கும் இடங்களில் எங்கள் நடை மாறிவிட்டது. “எங்களிட்டை ஒரு வாத்தியாருக்கு அஞ்சு பிள்ளையள்தான்,” என்று சொல்லும்போது நெஞ்சு தானாக நிமிரும். கஜா அக்கா மட்டும் அந்தக் கூட்டத்தில் கையை உயர்த்தவில்லை. “அஞ்சு பிள்ளையெண்டாலும் ஒரு ஆள் ஒரு ஆள்தான்,” என்றார். பெரும்பான்மை என்று சொல்லி அவரை இருத்திவிட்டோம்.

அந்தப் பனிக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. சின்ன வகுப்பில் பிரபாலினி டீச்சர் தனியாக நின்றார். சின்ன வகுப்பென்றால் நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள். ஒரு பிள்ளை மேசையிலேயே சத்தி எடுத்துவிட்டது. டீச்சர் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கழுவப் போனார். வேறு என்ன செய்ய முடியும்? திரும்பி வரும்போது ஒரு பிள்ளை குறைவு. கிஷோபன் என்ற பிள்ளையைக் காணவில்லை. ஜாக்கெட்டும் இல்லை.

நாங்கள் எல்லோரும் வகுப்புகளை விட்டுவிட்டு ஓடினோம். இத்தனை ஆசிரியர்கள் இருந்தும் ஓடுவதற்குத்தான் உதவினோம். கட்டடத்தைப் பார்க்கிற ஹவுஸ்வார்ட், அந்த சுவிஸ் மனிதர், ரயில் நிலையத்துக்குப் போகிற சுரங்கப்பாதையின் வாசலில் பிள்ளையைக் கண்டுபிடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பிள்ளை அழவில்லை. ரயில் பார்க்கப் போனானாம். ரயில்கள் எல்லாம் வந்து சந்திக்கிற ஓல்டனில் பிறந்த பிள்ளை, வேறு எங்கே போவான்? இன்று அதே கிஷோபன் ரயிலில்தான் வேலை செய்கிறார். அதோ, சீருடையோடு மூன்றாவது வரிசையில் இருக்கிறார். வேலை முடிந்து நேரே வந்திருக்கிறார். அன்று மட்டும் எங்கள் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கெமைண்டேயும் சும்மா இருக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் கட்டடம் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த நாளே அவசரக் கூட்டம். எல்லோருடைய விரலும் பிரபாலினி டீச்சரை நோக்கி நீண்டது. அவரை நிறுத்த வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். டீச்சர் ஒரு மூலையில் இருந்து அழுதுகொண்டிருந்தார். அப்போது கஜா அக்கா எழும்பினார்.

“டீச்சரை ஏன் குற்றம் சொல்லுறியள்? சத்தியெடுத்த பிள்ளையை விட்டிட்டு நிக்கச் சொல்லுறியளோ, இல்லாட்டி மற்றதுகளை விட்டிட்டுப் போகச் சொல்லுறியளோ? ரண்டு பேற்றை வேலையை ஒரு ஆளிட்டைக் குடுத்தது நாங்கள். கையைத் தூக்கினது நாங்கள்.”

வகுப்புகளைத் திரும்ப ஒன்றுசேர்க்க எல்லோரும் சம்மதித்தார்கள். பிறகு அவர் கேட்டார், “சரி, ஆர் உதவியாளராப் போறியள்?”

எல்லோரும் இப்போது ஆசிரியர்கள் அல்லவா? தோளில் பொன்னாடை விழுந்த பிறகு திரும்பவும் மூக்குத் துடைக்கப் போவது யார்? ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்த்தார். நான் சப்பாத்தைப் பார்த்ததாக ஞாபகம்.

“அப்ப நான் போறன்,” என்றார் பொறுப்பாளர். “சின்ன வகுப்புக்கு ரண்டாவது ஆள் நான்.”

சும்மா கோபத்தில் சொல்கிறார், ஒரு கிழமையில் விட்டுவிடுவார் என்று நினைத்தோம். அவர் விட்டாரா? அடுத்த சனிக்கிழமை அலுவலக அறையைப் பூட்டித் திறப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, சின்ன வகுப்பில் ஒரு சின்னக் கதிரையில் போய் இருந்தார். பிரபாலினி டீச்சர் படிப்பித்தார். பொறுப்பாளர் பென்சில் சீவிக் கொடுத்தார். வேறு நகரத்திலிருந்து விருந்தினர் வந்து பொறுப்பாளர் எங்கே என்று கேட்டால், “அங்கை, பிள்ளையளுக்கு ஸ்னூனிப் பெட்டி திறந்து குடுத்துக்கொண்டிருக்கிறா,” என்று சொல்ல வேண்டும். காலை இடைவேளைச் சாப்பாட்டுப் பெட்டியைப் பொறுப்பாளர் திறப்பதா என்று ஒரு பெரிய மனிதர் முகத்தைச் சுளித்ததும் உண்டு. கஜா அக்கா அவரிடம் ஒரு பெட்டியை நீட்டி, “இது இறுக்கமாக் கிடக்கு அண்ணை, ஒருக்காத் திறந்து தாங்கோ,” என்றார். அவரும் திறந்து கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு யாருக்கு வெட்கம்? பொறுப்பாளரே உதவியாளராக இருக்கும் பாடசாலையில் உதவியாளராக இருப்பது என்ன குறைச்சல்? ஒருவர் வந்தார். பிறகு இன்னொருவர். ஒரு தவணை படிப்பித்தவர் அடுத்த தவணை உதவிக்கு நிற்பார். ஆண்டு விழாவில் பொன்னாடையும் மாறியது. ஆசிரியர் உதவியாளருக்குப் போர்த்துவார், உதவியாளர் ஆசிரியருக்குப் போர்த்துவார். முதல் வருடம் யார் யாருக்கு முதலில் போர்த்துவது என்று மேடையில் ஒரு தள்ளுமுள்ளு நடந்தது. அது வேறு கதை. அன்றிலிருந்து எங்கள் பாடசாலையில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. பொறுப்பாளர் யாரோ, அவர்தான் சின்ன வகுப்பின் இரண்டாவது ஆள்.

தம்பித்துரை அண்ணை, நாங்கள் மருத்துவமனைக்கு வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நிர்வாக சபையிலிருந்து பழக்கூடையோடு வந்தோம். இனி வீட்டுக்குத் திரும்ப மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், ஒருவரும் அதைக் கதைக்கவில்லை. கடைசியில் அவைத்தலைவர்தான் துணிந்து, அடுத்த பொறுப்பாளராக யாரை நினைக்கிறீர்கள் என்று கேட்டார். கஜா அக்கா கண்ணை மூடிக்கொண்டு, “பொறுப்பாளரைப் பிறகு தேடுங்கோ. சின்ன வகுப்புக்கு ரண்டாவது ஆள் ஆர்?” என்றார்.

பார்ப்போம் அக்கா, நீங்கள் சுகமாகி வாருங்கள் என்று சொல்லி வந்துவிட்டோம். பதில் கேட்காமலே அவர் போய்விட்டார். எனக்கு அதுதான் கவலை. மற்றது எல்லாம் அவர் முடித்துவிட்டுத்தான் போனார்.

செத்தவீடு முடிந்து சபை கூடியது. பொறுப்பாளர் பதவிக்கு ஆட்கள் இருந்தார்கள். என்னுடைய பெயரையும் பலர் சொன்னார்கள். அவைத்தலைவர், சின்ன வகுப்பும் அதோடு சேர்ந்தது என்று ஞாபகப்படுத்தியதும் குரல்கள் தேய்ந்தன. ஒருவர், “அந்த வழக்கம் கஜா அக்காவோடை போகட்டும். பொறுப்பாளர் அலுவலகத்திலை இருந்தால்தானே மரியாதை,” என்றார். சின்ன வகுப்பை இந்தத் தவணை நிறுத்திவைக்கலாம் என்றும் ஒரு கதை வந்தது. சின்ன வகுப்பு நின்றால் அடுத்த வருடம் முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. நானும் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

இனி, போன சனிக்கிழமை. துக்கத்துக்காகப் பாடசாலை இல்லை என்று ஒவ்வொரு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் செய்தி போட்டோம். சின்ன வகுப்பின் குழுவில் எப்போதும் செய்தி போடுகிறவர் யார்? கஜா அக்கா. நான் போட்டிருப்பேன் என்று அவைத்தலைவர் நினைத்தார், அவர் போட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். கட்டடத் திறப்பை ஹவுஸ்வார்ட்டிடம் கொடுக்கலாம் என்று காலையில் நான் போனால், வாசலில் சின்ன வகுப்பு நிற்கிறது. முழு வகுப்பும். பிரபாலினி டீச்சரும் நிற்கிறார். பெற்றோர் பலர் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ரயிலேறிப் போய்விட்டார்கள்.

“அண்ணை, இதுகளை எங்கை அனுப்புறது?” என்றார் டீச்சர். “நான் படிப்பிக்கிறன். ஆனா தனியத் திறக்க மாட்டன்.”

“நான் நிக்கிறன்,” என்றேன். “இண்டைக்கு மட்டும்.”

“நிண்டால் காணாது. அந்தச் சின்னக் கதிரையிலை இருங்கோ. நான் கதைக்கேக்கை நீங்கள் கதைக்கக் கூடாது.”

பெரிய வகுப்பில் என்னிடம் இப்படிக் கதைத்தவர் இல்லை. இருந்தேன். என் உடம்புக்கு அந்தக் கதிரை போதாது, முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அப்போது ஹரிஷா என்ற பிள்ளை, நாலு வயதிருக்கும், எனக்கு முன்னால் வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. ஈரச் சப்பாத்தோடு காலைத் தூக்கி என் முழங்காலில் வைத்தாள். கையில் வகுப்புக்குள் போடுகிற ஃபிங்கன் செருப்பு.

கழற்றினேன். போட்டுவிட்டேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, “கால் மாறிப் போச்சு,” என்றாள். திரும்பவும் கழற்றிச் சரியாகப் போட்டேன். அவள் போனதும் பார்த்தால், பின்னால் வரிசையாக எல்லாரும் செருப்போடு நிற்கிறார்கள். அந்தக் கதிரையில் இருக்கிறவர்தான் செருப்பு மாற்றிவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். அது யார் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பிள்ளைகள் கண்டுகொள்ளவில்லை, அவர்களுக்குச் செருப்பு அவசரம்.

அவையோர்களே, அந்தக் காலை முழுவதும் நான் ஒரு வார்த்தை படிப்பிக்கவில்லை. பென்சில் சீவினேன், பெட்டி திறந்தேன், ஒரு சண்டையைத் தீர்த்தேன். பிரபாலினி டீச்சர் ஒரு தடவைகூடப் பலகையை விட்டுத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் நல்ல பசி என்று சொன்னேன். பல வருடங்களாக அப்படி ஒரு பசி வரவில்லை.

ஆகவே இந்த மேடையில், தம்பித்துரை அண்ணை கேட்க, குடும்பத்தார் கேட்க, கஜா அக்காவின் படத்துக்கு முன்னால் சொல்கிறேன். பெரிய வகுப்பை இந்திரா டீச்சர் பொறுப்பெடுக்கச் சம்மதித்துவிட்டார். வருகிற சனிக்கிழமை சின்ன வகுப்பு திறக்கும். அதற்கு இரண்டாவது ஆள் அருட்செல்வன். பொறுப்பாளர் என்று சபை யாரை நியமித்தாலும் சரி, என்னையே நியமித்தாலும் சரி, என்னை அலுவலகத்தில் தேட வேண்டாம்.

இன்னும் சில வகுப்புகளுக்கு இரண்டாவது ஆள் இல்லை. இருந்தவர்கள் ஓய்ந்துவிட்டார்கள், சிலர் ஊர் மாறிவிட்டார்கள். கஜா அக்காவுக்கு மலர்வளையம் கொண்டுவந்தவர்கள் இருக்கிறீர்கள், கண்ணீர் அஞ்சலி அச்சடித்தவர்கள் இருக்கிறீர்கள். உங்களில் யார் சனிக்கிழமை காலை வருவீர்கள்? படிப்பிக்கத் தெரிய வேண்டியதில்லை. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம், பிரபாலினி டீச்சரிடம் சொல்லுங்கள். நான் அவருடைய உதவியாளர். எனக்கு அந்த அதிகாரம் இல்லை.

அமரர் கஜலக்சுமி அவர்களின் ஆத்மா அமைதி பெறட்டும், அவருடைய குடும்பத்தாரோடு எங்கள் பாடசாலை என்றும் நிற்கும்.

அக்கா, நீங்கள் கேட்டதுக்கு அண்டைக்குப் பதில் சொல்லாமல் வந்திட்டம். ஆள் இருக்கு. நீங்கள் ஆறுதலாப் போயிட்டு வாங்கோ.